ஏழு சென்டிமீட்டர்

மண் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு டயல் மேடம் என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. காலையில் கையெழுத்துப் போடும்போது அவள் ஒருத்திதான் அதைப் பார்ப்பாள்.

பொதுப்பணி அலுவலகத்தின் பின்பக்கம், கீழ்த்தளத்தில், ஜெனரேட்டர் கொட்டகையைப் பார்த்த இரண்டு ஜன்னல்களோடு இருந்தது அந்தக் கூடம். நடுவில் அசையாத கான்கிரீட் மேடை. அதன்மேல் மூன்று இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கையில் அடங்குகிற பித்தளை வளையம், அதற்குள் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவைத்த களிமண், அதன் தலையில் கடிகாரம் போல ஒரு டயல். தண்ணீர் ஊற்றியதும் மண் வீங்கத் தொடங்கும், முள் மெல்ல நகரும். முதல் நிமிஷம், இரண்டாவது, நான்காவது, எட்டாவது, பிறகு மணிக்கணக்கு, பிறகு நாளுக்கு ஒரு தடவை என்று முள் அடங்கும்வரை பார்த்து எழுத வேண்டும். சில மண் பத்து நாளில் அடங்கும். சில மண் இருபது நாளானாலும் அடங்காது.

வீங்குகிற மண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அதனால் விடுமுறை நாட்களில் யாராவது ஒருவர் வந்து டயல் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லாரும் முறைவைத்து வந்தார்கள். அம்மா இறந்து அவள் தனியாளான பிறகு முறை தானாகவே அவள் பக்கம் சரிந்துவிட்டது.

"உங்களுக்கென்ன மேடம், வீட்ல யாரு தேடப்போறாங்க?" என்று சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அவளுக்கு அந்த வேலை பிடித்தும் இருந்தது. கோடையில் கை நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கிற கறுப்பு மண், நாலு மழை குடித்துவிட்டு மாடிக்கட்டடத்தை முதுகில் தூக்குகிறது என்றால் சும்மாவா? அதே மண்ணில் ஒரு பிடியைக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விட்டு வைத்தால் ஒரே நாளில் இரண்டு மடங்காகும். மண்ணெண்ணெயில் போட்டால் இம்மியும் அசையாது. "பேர்ல மண்ணு இருக்கு, ஆனா மண்ணுக்கும் அதுக்கும் ஆகாது" என்று அவள் சொல்வாள். முதல் தடவை கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். பதினெட்டு வருஷமாக உடன் வேலை பார்க்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

அவளுக்கென்று இருந்தவன் தம்பி ஒருவன்தான். ஏழு வயது இளையவன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மனைவி, ஒரு பெண் குழந்தையோடு ஊரின் மறுகோடியில் வாடகைக்கு இருந்தான். அவளுக்கு நாற்பத்தாறு வயதானபோது அவன் ஊர் எல்லையில் ஒரு மூலைமனை வாங்கினான். சுற்றிலும் கறுப்பு மண். ஓரத்தில் ஓடை, ஓடைக்குமேல் பாறையில் கால் ஊன்றிய பழைய கல்பாலம்.

"அக்கா, உனக்குத்தான் மண்ணு பேசுமே. வந்து பாரேன்" என்று அவன்தான் கூப்பிட்டான்.

அவள் சந்தோஷமாகப் போனாள். கோடை முடியப்போகிற நேரம். ஆள் வைத்து நாலு மீட்டர் குழி தோண்டி, அரை மீட்டருக்கு ஒன்றாக மண்ணைக் கலையாமல் வெட்டி எடுத்து, மெழுகு பூசி, குழந்தையைத் தூக்குவதுபோல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். மூன்று வாரம் மூன்று சட்டத்திலும் தம்பி மண்தான். மேலடுக்கு இவ்வளவு வீங்கும், அதற்குக் கீழே பாரம் அமுக்குவதால் இவ்வளவு, அதற்கும் கீழே மழை எட்டாது என்று அடுக்கு அடுக்காகக் கணக்குப் போட்டுக் கூட்டினாள். ஏழு சென்டிமீட்டர் வந்தது.

மனைக்குப் போய்ச் சொன்னபோது தம்பியும் அவன் மனைவியும் கட்டட மேஸ்திரியும் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இப்படியே கட்டுனா தரை மேல ஏறும்டா. ஒண்ணு, ஒன்றரை மீட்டருக்கு இந்த மண்ணை வெட்டி எடுத்துட்டு வீங்காத மண்ணா கொட்டி இறுக்கு. இல்லன்னா மழை எட்டாத ஆழத்துக்குத் தூண் இறக்கு."

மேஸ்திரி காதில் இருந்த பென்சிலை எடுத்துக்கொண்டார். "இந்தப் பக்கம் இருவத்தேழு வீடு கட்டியிருக்கேம்மா. எந்த வீடும் இதுவரைக்கும் பறந்து போகல."

தம்பி மனைவி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தம்பியும் சிரித்துவிட்டு, அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். "எவ்வளவுக்கா ஏறும்?"

அறிக்கையில் எழுதுவதாக இருந்தால் 'ஏழு சென்டிமீட்டர் வரை ஏறக்கூடும்' என்றுதான் எழுதியிருப்பாள். அந்தச் சிரிப்பு காதில் இருந்ததால், "ஏழு சென்டிமீட்டர் ஏறும்" என்று சொல்லிவிட்டாள். "தரை வெடிக்கும். கதவு மூடாது. எழுதி வச்சுக்கோ."

தம்பி மனைவியின் முகத்தில் சிரிப்பு வற்றிவிட்டது. "அஸ்திவாரக் கோடு போடுற நேரத்துல வெடிக்கும், மூடாதுன்னு… நல்ல வார்த்தையே வராதா அண்ணி உங்களுக்கு?" என்றாள்.

"நான் மண்ணைப் பத்திச் சொல்றேன்."

"மண்ணைப் பத்தியா, எங்களைப் பத்தியா?"

தம்பி நடுவில் புகுந்து அக்காவைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டான். "இனிமே அவகிட்ட இந்த மண்ணுப் பேச்சு வேணாம்கா. அவ மனசுல போட்டுக்குவா." கொஞ்சதூரம் நடந்துவிட்டு, "நான்கூட மேஸ்திரிகிட்ட ஒரு தடவை பேசிப் பாக்கறேன்" என்றான். பேசினானோ இல்லையோ, அஸ்திவாரம் எல்லாரும் போடுகிற ஆழத்துக்குத்தான் போட்டார்கள்.

வீடு முடிந்து குடிபோன அன்று அவளையும் அழைத்தார்கள். போனாள். எல்லாரும் அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வெளியே வந்து, தெருவிலிருந்து தெரிகிற மூன்று மூலைகளிலும் தரைக்கு ஒரு முழம் மேலே, விரல் நீளத்துக்கு மூன்று உலோக அளவுப்பட்டைகளைப் பசைபோட்டு ஒட்டினாள். தம்பி மகள், அவளுக்கு மருமகள், பின்னாலேயே வந்துவிட்டாள்.

"என்ன அத்தை இது?"

"எறும்பு வராம இருக்கறதுக்குடி."

"எறும்புக்கு எதுக்கு நம்பர்?"

"எண்ணிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடும்."

குழந்தைக்கு அது நியாயமாகப் பட்டது.

நாலாவது பட்டையைத் திரும்பி வரும்போது கல்பாலத்தின் பக்கச்சுவரில் ஒட்டினாள். பாறைமேல் நிற்கிற பாலம் ஏறாது, இறங்காது. வீடு அசைந்தால் பாலத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம்.

அலுவலகக் கிடங்கில் பழைய லெவல் கருவி ஒன்று தூசியேறிக் கிடந்தது. மூன்று காலில் நிறுத்தித் தொலைநோக்கி வழியாக மட்டம் பார்க்கிற கருவி. பழைய காலத்துக் கண்ணாடி என்பதால் உலகம் முழுவதும் அதில் தலைகீழாகத் தெரியும். "எல்லாம் புதுசா வந்தப்புறம் இதை யாரு தொடறா? எடுத்துட்டுப் போங்க மேடம்" என்று கிடங்குக்காரர் ரசீதுகூடக் கேட்காமல் கொடுத்தார்.

பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸில் கருவியை மடியிலும் முக்காலியைக் காலிடுக்கிலும் வைத்துக்கொண்டு போவாள். வெயில் ஏறினால் காற்று நெளிந்து எண்கள் ஆடும். அதனால் ஏழு மணிக்குள் பார்த்துவிட வேண்டும். தெருவின் எதிர்ப்புறம் கருவியை நிறுத்தி முதலில் பாலம், பிறகு மூன்று மூலை, மறுபடி பாலம். அரை மில்லிமீட்டர்வரை படித்து நோட்டில் எழுதுவாள். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு முன்னால் யாரும் எழுந்திருப்பதில்லை. திரைகள் மூடியிருக்கும். வாசலில் மூன்று ஜோடிச் செருப்பும், மருமகள் வளர வளர மாறிக்கொண்டே வந்த ஒரு சைக்கிளும் தலைகீழாகத் தெரியும். எழுதி முடித்ததும் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடிப்பாள். கதவைத் தட்டியிருக்கலாம். தட்டினால் 'இந்நேரத்துக்கு எங்கே வந்தே?' என்று கேட்பார்களே, அதற்குப் பதில் வேண்டுமே.

வருஷத்துக்கு இரண்டு தடவை முறையாக அழைப்பார்கள். முறையாகப் போய் டீ குடித்துவிட்டு வருவாள். அப்போதெல்லாம் அவள் கண் தரைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடுக்குக்குப் போகாமல் இருக்க என்ன பாடு படும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

முதல் வருஷம் வீடு அசையவே இல்லை. மழை குறைவு. "அக்கா, வீடு இன்னும் தரையிலதான் இருக்கு" என்று தம்பி போனில் கிண்டல் செய்தான். "நல்லது" என்றாள். உண்மையாகவே நல்லது என்றுதான் நினைத்தாள். போனை வைத்த பிறகு நெஞ்சில் முள் குத்தியதுபோல ஒன்று இருந்தது.

இரண்டாம் வருஷம் நாலு நாள் விடாமல் மழை. அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தபோது வலதுபக்க முன்மூலை நாலு மில்லிமீட்டர் ஏறியிருந்தது. 'ஏறிடுச்சு!' என்று அவளுக்குள் ஒன்று துள்ளிக் குதித்தது. எண்ணை எழுதினாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எதற்குத் துள்ளினோம் என்பது உறைத்தது. கூடப்பிறந்தவன் வீடு. அதற்குள் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு இறங்கவேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்தாள்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். முதல் சில மாதம் ஜன்னலிலிருந்து பார்த்தார். பிறகு வாசலிலிருந்து பார்த்தார். ஒருநாள் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் போட்டார்.

"உக்காருங்கம்மா. ரோடு எத்தனை அடி அகலமாகுது?"

"ரோடெல்லாம் ஒண்ணும் அகலமாகலைங்க. நான் சும்மா மட்டம் பாக்கறேன்."

"சும்மா யாராவது ஞாயித்துக்கிழமை மூணு கால் கருவியோட வருவாங்களா? ரகசியம்னா சொல்ல வேணாம். என் வாசப்படி தப்பிக்குமா, அதை மட்டும் சொல்லுங்க."

"தப்பிக்குங்க. சத்தியமா."

அவர் அதை நம்பவில்லை. அரசாங்க ஆள் சத்தியம் செய்தால் காரியம் முற்றிவிட்டது என்று அர்த்தம் செய்துகொண்டார். ஆனாலும் நாற்காலி மட்டும் தவறாமல் வந்தது. அந்த இரண்டு வருஷத்தில், அலுவலக வேலைக்கு வெளியே, அவள் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

வதந்திக்கு மட்டும் வேர் தேவையில்லை. மூன்றாம் வருஷத்துக்குள் தெரு முழுவதும் ரோடு அகலமாகப் போகிறது என்று முடிவாகிவிட்டது. ஒருவர் மதில் கட்டுவதை நிறுத்தினார். இன்னொருவர் வாசலில் வெட்ட நினைத்த மரத்தை, அரசாங்கமே வெட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்தார். கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து, மூலைவீட்டு வாத்தியார்தான் படித்தவர், அவர் போய் அந்த அம்மாவை நாலு கேள்வி கேட்கட்டும் என்று தீர்மானித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வலதுமூலையைப் படித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள் கதவு திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு மனிதன் தலைகீழாக நடந்து வந்தான். பாதம் மேலே, தலை கீழே. தலை பெரிதாகிப் பெரிதாகி, மங்கி, கண்ணாடியை மறைத்தது. அவள் நிமிரவில்லை.

"ஏங்க, நீங்க எந்த ஆபீசு…" என்று தொடங்கியவன் நிறுத்தினான். "அக்கா?"

தபால்காரர் நாற்காலியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மூணு வருஷமா தெருவே பயந்துட்டிருக்கிற அம்மா நீதானா?" தம்பியின் பார்வை கருவி நோக்கிய திசையில் போய்ச் சுவரில் ஒட்டியிருந்த பட்டையில் நின்றது. முகம் மாறிற்று. "என் வீடு எப்ப வெடிக்கும்னு பாத்துட்டு இருக்கியா?"

"இல்லடா."

"பின்னே?"

அவள் நோட்டை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவளே திறந்து படித்தாள். "வலது முன்மூலை பத்தொம்பது மில்லிமீட்டர். இடது முன்மூலை பதினொண்ணு. பின்மூலை ஆறு. அவ்வளவுதான். ரெண்டு பெரிய மழைக்கு அப்புறமும் அவ்வளவுதான். இனிமே ஏறினாலும் மொத்தம் மூணு சென்டிமீட்டரைத் தாண்டாது." நோட்டை மூடினாள். "ஏழுன்னு நான் சொன்னது தப்பு."

கணக்கு வாத்தியார் அவள் கையில் இருந்த நோட்டைப் பார்த்தான்.

"வளையத்துக்குள்ள மண்ணை நல்லாக் காய்ஞ்ச நிலையில வச்சுத் தண்ணியில முக்கி எடுக்கறோம். வீட்டுக்கு அடியில யாரு அப்படி முக்கறா? அது பாதி குடிக்கும், பாதி விடும். எனக்கு அது தெரியும்டா. ஆபீசுல எல்லாரும் பெரிய எண்ணைத்தான் எழுதுவோம். கொறைச்சு எழுதி வீடு வெடிச்சா நம்ம கழுத்துக்கு வரும், கூட்டி எழுதினா யாரும் கேக்க மாட்டாங்க. வரைக்கும்னு ஒரு வார்த்தை சேர்த்திருக்கணும். அந்த மேஸ்திரி சிரிச்சாரா, கோவத்துல விட்டுட்டேன்."

"இதைச் சொல்றதுக்கு மூணு வருஷமா?"

"தெரியறதுக்கே மூணு வருஷமாச்சு."

அவன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டான். கொஞ்சநேரம் பாலத்தைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாசக்கதவை ரெண்டு தடவை இழைச்சாச்சுக்கா" என்றான். "மூட மாட்டேங்குது. நீ வர்றப்பல்லாம் அதைத் திறந்தே வச்சிருப்போம், நீ கவனிச்சிருக்க மாட்டே. கூடத்துத் தரையில ஒரு வெடிப்பு. அதுமேல பாய் போட்டிருக்கா அவ."

பாயை அவள் கவனித்திருந்தாள். புதுப்பாய் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கூட இருந்தாள். இப்போது அதைச் சொல்லவில்லை.

"ஏன்டா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீ சொன்னபடியே ஆயிடுச்சுன்னு உன்கிட்டயேவா?"

இத்தனை வருஷமும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு இரண்டு பேரும் டீ குடித்திருக்கிறார்கள்.

வலதுமூலை மட்டும் ஏன் கூட ஏறுகிறது என்பதை அவள் முன்பே கண்டுபிடித்திருந்தாள். சுவரை ஒட்டி அந்தப் பக்கம் தம்பி மனைவி வைத்த செடிப்பாத்தி. தினமும் இரண்டு வேளை தண்ணீர். செடியை மூன்று மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், வீட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அகலத்துக்குச் சரிவாகக் கான்கிரீட் தளம் போட வேண்டும், மழைத்தண்ணீர் சுவரடியில் நிற்கக்கூடாது. ஈரம் எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி இருந்தால் வீடு ஒரேமாதிரி ஏறும். ஒரேமாதிரி ஏறினால் வெடிக்காது.

உள்ளே போய் இதைச் சொன்னபோது தம்பி மனைவி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "முதல்ல வீடு நிக்காதுன்னீங்க. இப்பச் செடி நிக்கக் கூடாதுங்கறீங்க" என்றாள். பிறகு எழுந்து டீ போடப் போனாள். அன்று மாலையே செடிகள் இடம் மாறின. ஒரு மாதத்தில் சுற்றிலும் தளம் போட்டார்கள். மேஸ்திரியே வந்து போட்டார், எதுவும் பேசவில்லை.

வீடு நின்றுவிட்டது. அடுத்த இரண்டு மழைக்கு மூன்று மூலையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஏறி இறங்கின. வெடிப்பை அடைத்தார்கள். கதவு மூடியது. கதவு மூடியபோது அவள் அங்கே இல்லை. தம்பி போனில் மூடித் திறந்து அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தான்.

ஆனால் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அவள் இப்போது தெருவில் நிற்கவேண்டியதில்லை. வாசல்பக்கமே நின்று பார்க்கலாம், பின்மூலைக்கு மட்டும் பக்கத்துச் சந்துக்குப் போக வேண்டும். வந்தால் ஒரு டம்ளர் டீ உண்டு. டீ கொடுத்துவிட்டுத் தம்பி மனைவி உள்ளே போய்விடுவாள். மருமகள் பெரியவளாகிக் காதில் பாட்டுக் கருவியோடு திரிந்தாள். தம்பி நோட்டை வாங்கி எண்களைப் பார்ப்பான், "சரிதானே?" என்பான், "சரிதான்" என்பாள். அதற்குமேல் என்ன பேசுவது என்று இருவருக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

ஆறு வருஷத்து எண்களைச் சேர்த்து ஒரு வரைபடம் வரைந்து அலுவலகப் பொறியாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். நல்ல மனிதர். பொறுமையாகப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு. ஆனா ஒரு வீட்டை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது மேடம்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். ஆனாலும் அதற்குப் பிறகு அவள் கையால் போன எந்த அறிக்கையிலும் எண்ணுக்குப் பின்னால் ஒரு வரி கூடியது: 'இது உச்ச அளவு, களத்தில் பெரும்பாலும் இதில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும்.' பொறியாளர் அதை அடிக்கவில்லை.

அவள் ஓய்வுபெற்ற வருஷம் தம்பிக்குத் தலைமையாசிரியர் பதவி கிடைத்து எட்டு மணிநேரத் தூரத்தில் வேறு ஊருக்குப் போனான். வீட்டை வாடகைக்கு விட்டான். "நீயும் வாயேன்கா" என்று பஸ் நிறுத்தத்தில் சொன்னான். அவன் மனைவியும் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளும், "வாங்க அண்ணி" என்றாள். வரலாம் என்று நினைத்தால் வரலாம் போலத்தான் இருந்தது. "பாக்கலாம்" என்றாள். தபால்காரர் அதற்கு முந்தைய வருஷமே தவறிவிட்டார்.

வாடகைக்கு வந்தவர்கள் ஒரு கண்ணாடி வெட்டுகிற கடைக்காரரும் அவர் மனைவியும். முதல் ஞாயிற்றுக்கிழமை கருவியோடு போய் நின்றபோது அந்தப் பெண் கதவைத் திறந்தாள். சத்தமே இல்லாமல் திறந்தது.

"ஆபீசுலேர்ந்து வர்றீங்களா? வீட்டுக்காரர் சொன்னாரு, யாரோ அளவு எடுக்க வருவாங்கன்னு."

யாரோ என்று தம்பி சொன்னானா, இவள் அப்படிக் கேட்டுக்கொண்டாளா என்பது தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

"ஆமாம்மா. பத்து நிமிஷம்தான்."

"பொறுமையாப் பாருங்க. தண்ணி வேணுமா?"

"குடுங்க."

தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு டம்ளரைப் படியில் வைத்தாள். வலதுமூலை போன தடவை இருந்த இடத்திலேயே இருந்தது. இடதுமூலை அரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, கோடை வரப்போகிறது. இரண்டையும் எழுதி, தேதி போட்டு, பின்மூலையைப் பார்ப்பதற்காக முக்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சந்துக்குள் திரும்பினாள்.